ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக்கா?

கேள்வி: ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மட்டும் மிதக்கின்றன. பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். சமைக்கலாமா?

பதில்: தாராளமாகச் சமைக்கலாம். அது பிளாஸ்டிக் அல்ல, சத்துச் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி மணி. தயவுசெய்து எறியாதீர்கள், சத்தே அந்த மணியில்தான் இருக்கிறது. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் இயந்திரத்தில் அழுத்தி, அரிசி அளவுக்கு நறுக்கி உலர்த்துகிறார்கள். 100 கிலோ அரிசிக்கு இது 1 கிலோ சேரும். மாவில் செய்ததால் உள்ளே நுண்ணிய காற்றிடைவெளி இருக்கும், அதனால்தான் மிதக்கிறது. நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். கலந்த அரிசி 1 கிலோவில் இரும்பு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி.

கசக்கித் தேய்க்காமல் இரண்டு முறை அலசினால் போதும். வடிப்பதைவிட அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குவது நல்லது. வடித்தே பழக்கமென்றால் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்துவிடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் பொறுங்கள். நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சை பிழிந்த கீரையோ தொட்டுக்கொண்டால் நன்றாகச் சேரும். வீட்டில் யாருக்காவது தலசீமியா (உடம்பில் இரும்பு மிகுதியாகத் தேங்கக்கூடிய பரம்பரை ரத்த நோய்) இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.