நைட்ரஸ் போட முன் போத்தலின் சூட்டைக் கவனியுங்கள்

“திருகோணமலையில் இருக்கிறேன். 1.5 லீட்டர் கொரோலா. நைட்ரஸ் போட விருப்பம். எஞ்சினுக்குச் சேதம் வராமல் எப்படி ட்யூன் பண்ணலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்த ஊர்தான். 5ஏ எஞ்சின் உள்ள கொரோலாவில் இதைச் செய்து, ஒரு பிஸ்டனைப் பறிகொடுத்து, பிறகு திரும்பவும் சரியாகச் செய்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நைட்ரஸ் என்பது நைட்ரஸ் ஒட்சைட்டு வாயு, அது எரிபொருள் கிடையாது. அது எஞ்சினுக்குள் கொண்டுபோவது ஒட்சிசனை. காற்றின் நிறையில் 23 வீதம்தான் ஒட்சிசன். நைட்ரஸில் 36 வீதம். சிலிண்டருக்குள் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் அது உடைந்து ஒட்சிசனை விடும். அந்த ஒட்சிசனுக்கு ஏற்ற அளவு பெற்றோலும் உள்ளே போனால் வலு கூடும். பெற்றோல் குறைந்தால் சூடு எக்கச்சக்கமாக ஏறி பிஸ்டன் உருகும். ட்யூன் பண்ணுவது என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கைத் தவறவிடாமல் பார்ப்பதுதான்.

இந்தக் கணக்கைக் குழப்புவது நம் ஊர் வெயில். நைட்ரஸ் போத்தலுக்குள் திரவமாக இருக்கிறது. 20 பாகையில் அதன் அழுத்தம் 735 பீஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவு, 30 பாகையில் 900ஐத் தாண்டும். நைட்ரஸையும் பெற்றோலையும் அளந்து விடுகிற சின்னத் துளைகளான ஜெட்டுகளின் அளவைப் பெரும்பாலும் 900 முதல் 1,000 பீஎஸ்ஐக்குள் வைத்தே கணக்கிடுகிறார்கள். 36.4 பாகைக்கு மேலே போனால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது. அதற்குப் பிறகு ஜெட் வழியாக எவ்வளவு போகும் என்று யாராலும் நம்பிச் சொல்ல முடியாது. குளிர் நாட்டுக்காரர்கள் போத்தலைச் சூடாக்க ஹீட்டர் பூட்டுவார்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மூடிய டிக்கிக்குள் கையை வைத்துப் பாருங்கள், நமக்கு ஹீட்டர் எதற்கு?

என் பிஸ்டன் போனதும் இப்படித்தான். ஆகஸ்ட் மாதம். விடிய ஏழு மணிக்குப் பார்த்தபோது போத்தல் மீட்டர் 900. பிளக் எல்லாம் நல்ல மண்ணிறம். மத்தியானம் உப்புவெளியில் காரை வெயிலில் விட்டுச் சாப்பிட்டு வந்து, மீட்டரைப் பாராமலே நிலாவெளி வீதியில் பொத்தானை அழுத்தினேன். இரண்டு மூன்று செக்கன் நல்ல இழுவை. பிறகு தகரப் பேணிக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி ஒரு சத்தம். உடனே அக்சிலேட்டரை விட்டேன், ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினால், மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வளைந்த முனை பாதி உருகியிருந்தது. வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினது போலக் கரும்புள்ளிகள், அவற்றுக்கிடையே மினுங்குகிற சின்னப் பொட்டுகள். அந்த மினுக்கம் பிஸ்டனின் அலுமினியம். போத்தல் மீட்டர் அப்போதும் 1,250 காட்டியது. நைட்ரஸ் கூடிப் போயிருக்கிறது, பெற்றோல் பம்போ காலையில் கொடுத்த அதே அழுத்தத்தைத்தான் கொடுத்திருக்கிறது.

வீதியில் அதைச் செய்ததும் பெரிய பிழை. நிலாவெளிப் பாதையில் மாடு படுத்திருக்கும், டவுனுக்குள்ளேயே மான் குறுக்கே போகிற ஊர் இது. மூடிய ஓடுபாதையோ, காரை நிறுத்தி வைத்தே வலுவை அளக்கிற டைனோவோ கிடைக்காத நாளில் போத்தல் வால்வைத் திறக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பது. நான்கு சிலிண்டருக்கும் இடையே 15 பீஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நைட்ரஸ் யோசனையை விட்டுவிட்டு எஞ்சினைச் செய்யுங்கள். நல்லதாக இருந்தால் புது பெற்றோல் பில்டரும் நம்பிக்கையான பம்பும் போடுங்கள். இந்த எஞ்சினுக்கு வெட் சிஸ்டம்தான் என் தெரிவு. நைட்ரஸுக்கு ஒரு சொலினொயிட் (மின்சாரத்தில் திறக்கிற வால்வு), அதற்குரிய பெற்றோலுக்கு இன்னொன்று, இரண்டும் ஒரே நொசிலில் சேரும். ட்ரை சிஸ்டத்தில் கூடுதல் பெற்றோலைக் கம்பனி இன்ஜெக்டர்கள் கொடுக்க வேண்டும். எஞ்சினை நடத்துகிற பழைய கம்ப்யூட்டரை (ஈசியூ) நம்பி அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

35 குதிரைவலு ஜெட்டில் தொடங்குங்கள். 100 குதிரைவலு எஞ்சினுக்கு அது மூன்றில் ஒரு பங்கு, காருக்குள் இருந்தாலே நன்றாக விளங்கும். கம்பனி போட்ட வார்ப்புப் பிஸ்டனோடு 50ஐத் தாண்ட வேண்டாம். பிளக் பொறிவிடுகிற பற்றவைப்பு நேரத்தை 50 குதிரைவலுவுக்கு 2 பாகை (கிராங்க் தண்டு சுழலும் கோணம்) என்ற கணக்கில் பின்னுக்கு எடுங்கள். பிளக் ஒரு படி குளிரானது வேண்டும். என்ஜிகே என்றால் 5க்குப் பதில் 6, இடைவெளி 0.8 முதல் 0.9 மில்லிமீற்றர். டாங்கில் 95 ஒக்டேன் மட்டும், 92ஐக் கலக்கவும் வேண்டாம்.

மூன்று சுவிட்ச் கட்டாயம். ஒன்று, அக்சிலேட்டர் முழுதாக அழுந்தினால் மட்டும் வேலை செய்வது. அடுத்தது ஆர்பிஎம் சுவிட்ச். 3,000க்குக் கீழே நைட்ரஸ் போனால் மனிபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) பெற்றோல் தேங்கி வெடிக்கும், சிவப்புக் கோட்டுக்கு 500 முன்னாலும் அது நிறுத்த வேண்டும். மூன்றாவது, பெற்றோல் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸை வெட்டுவது. இந்த மூன்றாவதைத்தான் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். பில்டர் அடைத்தாலோ பம்பு களைத்தாலோ பிஸ்டனைக் காப்பாற்றப்போவது அதுதான். புகையை வைத்துக் கலவையை அளக்கிற வைட்பாண்ட் மீட்டர் பூட்டி, நைட்ரஸ் போகும்போது காற்றும் பெற்றோலும் 11.5 முதல் 12க்கு 1 என்று இருக்கிறதா பாருங்கள். 12.5ஐ நெருங்கினால் பெற்றோல் குறைகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

போத்தலைப் பிராக்கெட்டில் இறுகப் பூட்டுங்கள். அதன் பாதுகாப்புத் தகடு வெடித்தால் முழு நைட்ரஸும் வெளியேறும். அது காருக்குள் நிறைந்தால் மூச்சு முட்டும், ஆகவே அதிலிருந்து ஒரு குழாயைக் காருக்கு வெளியே விட வேண்டும். இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. யாராவது வெல்டிங் ஒட்சிசனைப் போடலாம் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நைட்ரஸில் உள்ள நைதரசன்தான் எரிதலை அடக்கி வைக்கிறது. தனி ஒட்சிசனில் அந்த அடக்கம் இல்லை.

இப்போது நான் காரை நிழலில்தான் விடுவேன், போத்தலுக்கு ஈரச் சாக்கு சுற்றுவேன். மீட்டர் 1,000க்கு மேல் காட்டினால் அன்றைக்கு நைட்ரஸ் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினை உடனே நிறுத்தி, நான்கு பிளக்கையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். கரும்புள்ளி ஒன்று கண்டாலும் நைட்ரஸ் ஜெட்டைச் சின்னதாக மாற்றுவேன்.

நீங்கள் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு நான்கு இலக்கத்தையும் கீழே எழுதுங்கள். எந்த ஜெட் பொருந்தும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.