உங்க பேர்ல ஃபேக் ஐடி இருக்கா? அவசரப்பட்டு உங்க அக்கவுண்ட்டை மூடிடாதீங்க

கேள்வி: சார், நான் சின்னாளப்பட்டி. வீட்ல இருந்தே ஃபேஸ்புக், இன்ஸ்டா மூலமா சுங்குடி சேலை விக்கிறேன், நாலு வருஷமா. போன வாரம் யாரோ என் போட்டோ, பேரு போட்டு ஃபேஸ்புக்ல இன்னொரு ஐடி ஓப்பன் பண்ணி சொந்தக்காரங்ககிட்ட காசு கேட்டிருக்காங்க. நேத்து ராத்திரி எங்க பெரியப்பா 8,000 ரூபா அனுப்பிட்டாரு. நான் தேடினா அந்த ஐடி எனக்கு வரவே மாட்டேங்குது. வீட்டுக்காரர் எல்லாத்தையும் டெலிட் பண்ணுன்னு சத்தம் போடுறாரு. என்ன பண்ண?

பதில்: சகோதரி, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல பெரியப்பாவை 1930க்கு, அதாவது ஆன்லைன் பண மோசடிக்கான அரசு ஹெல்ப்லைனுக்கு போன் போடச் சொல்லுங்க. காசு போனது அவர் அக்கவுண்ட்ல இருந்து, அதனால அவர் பேசுறதுதான் சரி. ஜிபேல அந்த பேமென்ட்டைத் தொட்டா 12 நம்பர்ல ஒரு ரெஃபரன்ஸ் இருக்கும், அதை கையில வச்சுக்கிட்டு பேசணும். அந்தக் காசு வேற அக்கவுண்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள அதை முடக்கப் பாப்பாங்க, அதான் இவ்ளோ அவசரப்படுத்துறேன். அப்படியே அவர் பேங்க்லயும் ஒரு கம்ப்ளைன்ட். உங்க பேரை வச்சு ஏமாத்துனதுக்கு நீங்க தனியா சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல புகார் குடுக்கலாம், ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவுல வரும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில்.

அந்த ஐடி உங்களுக்கு ஏன் வரலன்னா, அவன் முதல் வேலையா உங்களை பிளாக் பண்ணியிருப்பான். எல்லாரும் செய்யறதுதான். அதனால தங்கச்சி போன்லயோ ஃப்ரெண்டு போன்லயோ தேடுங்க, கிடைச்சதும் உடனே ரிப்போர்ட் அடிச்சிடாதீங்க, முதல்ல அந்த புரொஃபைல் லிங்க், அவன் அனுப்புன மெசேஜ், காசு வாங்குன யுபிஐ ஐடி எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா ஐடி தூக்கிட்டாங்கன்னா அப்புறம் போலீஸ்கிட்ட காட்ட உங்க கையில ஒண்ணும் இருக்காது. அதுக்கப்புறம் மூணு புள்ளியை அமுக்கி ரிப்போர்ட், வேற ஒருத்தர் மாதிரி நடிக்கிறாங்கன்னு வர்றதைத் தொடுங்க, உங்க ஒரிஜினல் ஐடியைக் காட்டுங்க.

இப்ப வீட்டுக்காரர் விஷயம். அவர் கோவம் புரியுது, ஆனா நீங்க உங்க அக்கவுண்ட்டை டெலிட் பண்ணா என்ன ஆகும்? உங்க பேரைத் தேடுறவங்களுக்கு அந்த திருட்டு ஐடி ஒண்ணுதான் கண்ணுல படும்! "இது நான் இல்ல, யாரும் காசு அனுப்பாதீங்க"ன்னு சொல்றதுக்கும் உங்களுக்கு இடம் இருக்காது, நாலு வருஷமா சேர்த்த கஸ்டமரும் போச்சு. இன்னொண்ணு, நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா உங்க அக்கவுண்ட்டை யாரும் ஹேக் பண்ணல, வெளிய தெரியற போட்டோவை காப்பி அடிச்சிருக்கான், அவ்ளோதான். பாஸ்வேர்டு மாத்துறது நல்லதுதான், மாத்துங்க, ஆனா அதனால இந்த ஃபேக் ஐடி போகாது.

அவனுக்கு உண்மையில உபயோகமானது உங்க போட்டோ இல்ல, உங்க ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட். யார் பெரியப்பா, யார் அத்தைன்னு கமெண்ட்ல பாத்து "பெரியப்பா, ஆஸ்பத்திரில இருக்கேன், காலைல தந்துடறேன்"னு அவனால எழுத முடிஞ்சது அதனாலதான். செட்டிங்ஸ்ல போயி ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டை 'ஒன்லி மீ' ஆக்குங்க, இன்னைக்கே. சேலைக்குன்னு தனியா பேஜ் வச்சுக்கிட்டு, சொந்த புரொஃபைலை லாக் பண்ணிடுங்க. பாப்பா ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டோ ஏதாச்சும் பப்ளிக்கா கிடந்தா அதையும் எடுத்துடுங்க. சேலைக்கு விளம்பரம் வேணும், பாப்பாவுக்கு எதுக்கு?

வியாபாரம் பண்றவங்களுக்கு வேற ரெண்டு மூணு தொல்லையும் உண்டு, இதோட சேர்த்து அதையும் சொல்லிடறேன். "உங்க பேஜ் காப்பிரைட் மீறிடுச்சு, 24 மணி நேரத்துல தூக்கிடுவோம்"னு லிங்க்கோட மெசேஜ் வரும், ஃபேஸ்புக் லோகோ எல்லாம் அச்சு அசலா இருக்கும், அதைத் தொட்டு பாஸ்வேர்டு போட்டீங்கன்னா பேஜ் அவன் கைக்குப் போயிடும் (இதுல படிச்சவங்க படிக்காதவங்கன்னு வித்தியாசமே இல்ல, எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் மாட்டினார்). அப்புறம் பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி சேலையை பார்சல் போடாதீங்க, பேங்க் அக்கவுண்ட்ல காசு ஏறிருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க. காசு வாங்க பின் நம்பர் தேவையே இல்ல, எவனாவது "பின் போடுங்க மேடம், அமவுண்ட் வரும்"னா கட் பண்ணிடுங்க. வாட்ஸ்அப்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (கூடுதலா ஒரு பின் கேக்குற பூட்டு) போட்டு வைங்க, எஸ்எம்எஸ்ல வர்ற 6 நம்பர் கோடை யாருக்கும் சொல்லக் கூடாது, தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்து கேட்டாலும்.

அந்த ஐடி போனதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஒரு வரி போடுங்க: "நான் சாட்ல காசு கேக்க மாட்டேன், யாராச்சும் கேட்டா எனக்கு போன் பண்ணுங்க". ஸ்டேட்டஸ் பாக்காத பெரியவங்களுக்கு நீங்களே போன் போட்டு சொல்லிடுங்க. அதே ஆளு வேற ஸ்பெல்லிங்ல திரும்ப வர்றது சகஜம், அதனால ஒரு மாசத்துக்கு வாரம் ஒரு தடவை தங்கச்சி போன்ல உங்க பேரைத் தேடிப் பாருங்க, உங்க போன்ல தேடி பிரயோஜனம் இல்ல.