மகளின் படிவத்தில் மாமாவின் பெயர்

கேள்வி: என் மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டாள். அங்கே ராணுவத்துக்கு மென்பொருள் செய்து தரும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டுமாம். நாங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள். என் தம்பி இங்கே ராணுவத்தில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வாராவாரம் அவள் மாமாவோடு வாட்ஸ்அப்பில் பேசுவாள். அவர் பெயரை எழுத வேண்டாம், நானும் அவளும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கையும் மூடிவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நானும் பயந்துபோய் அவளுக்குப் போன் செய்வதைக் குறைத்துவிட்டேன். சரியா?
ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் மகளுக்குப் போன் போட்டுப் பேசுங்கள், சகோதரி. நீங்கள் ஒதுங்குவதால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. பெற்ற தாயோடு பாசம் இருக்கும் என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். நாலு போன் குறைந்ததால் அது மாறிவிடாது.

சொந்தக்காரர்களின் யோசனைதான் எனக்குக் கவலை தருகிறது. அவள் நிரப்பப்போவது எஸ்.எஃப். 86 படிவம்; அரசு ரகசியங்களைக் கையாள அனுமதி கேட்பவர்கள் அமெரிக்க அரசுக்குத் தரும் விவரப் படிவம் அது. அதன் உறவினர் பட்டியலில் பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் எல்லாம் உண்டு; தாய்மாமன் இல்லை. அப்பாடா என்று விட்டுவிடக் கூடாது. அதற்கு அடுத்த பகுதியே, கடந்த 7 ஆண்டுகளில் நெருக்கமாகவோ தொடர்ந்தோ பழகிய வெளிநாட்டவர் யார் யார் என்று கேட்கிறது. பாசம், கடமை போன்றவற்றால் பிணைந்தவர்களைச் சொல்லச் சொல்கிறது. வாராவாரம் பேசும் மாமா அதில் வந்தே ஆக வேண்டும். வங்கிக் கணக்கும் அப்படித்தான். இப்போது இருக்கிறதா என்பதோடு நிற்காமல், எப்போதாவது இருந்ததா என்றும் கேட்பார்கள். மூடினாலும் எழுதத்தான் வேண்டும்.

தெரிந்தே மறைத்தால் அதுவே தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. இல்லாத சிக்கலை நாமே ஏன் வரவழைக்க வேண்டும்?

அனுமதி தரலாமா என்று முடிவெடுக்க 2017 ஜூனிலிருந்து அங்கே நடப்பிலுள்ள 13 வழிகாட்டு நெறிகளில் ‘வெளிநாட்டுச் செல்வாக்கு’ ஒன்று. உங்கள் மகளின் விசுவாசத்தை அது சந்தேகிக்கவில்லை. உறவினரைக் காட்டி யாராவது அவளை மிரட்டவோ மடக்கவோ முடியுமா என்று பார்க்கிறது. அதனால் உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார், என்ன வேலை பார்க்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வரும். சிங்கப்பூர் தன் தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த 1990-லேயே ஒப்பந்தம் போட்ட நாடு. 2019-ல் அதைப் புதுப்பித்தார்கள். அமெரிக்காவோடு பகைமை பாராட்டும் நாட்டில் பெற்றோர் இருப்பவரின் நிலைமை வேறு, உங்கள் மகளின் நிலைமை வேறு.

ஆனாலும் கட்டாயம் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சந்தேகம் மிஞ்சினால் நாட்டுப் பாதுகாப்பின் பக்கமே முடிவெடுப்பார்கள். தம்பியின் ராணுவ வேலையைப் பற்றியும் துருவிக் கேட்கலாம். ஒருவேளை மறுக்க நினைத்தால் காரணத்தை எழுத்தில் தருவார்கள். அவள் பதில் எழுதலாம், நிர்வாக நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். அங்கே அவளுக்கு வீடு, குடும்பம், பல வருட வாழ்க்கை என்று வேரூன்றியிருந்தால் அதுவும் அவள் பக்கம் பேசும்.

தம்பியிடம் பேசி, முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, கடைசியாக வகித்த பதவி, ஓய்வு பெற்ற ஆண்டு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். வங்கிக் கணக்கு தொடங்கிய தேதியையும் இருப்பையும் சேர்த்து இந்த வாரமே மகளுக்கு அனுப்பிவிடுங்கள்.