ஹிட்லரை மக்கள் பெரும்பான்மை கொடுத்துத்தானே தேர்ந்தெடுத்தார்கள்?

இல்லை. நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். கைடுகளில் இப்படித்தான் போட்டிருப்பார்கள். இந்த ஒரு வரியோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இருபத்தாறு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். ஓர் அரையாண்டுத் தேர்வில் "ஹிட்லர் எவ்வாறு ஆட்சிக்கு வந்தார்?" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. விடைக்குறிப்பில் இருந்தது, "தேர்தலில் பெரும்பான்மை பெற்று." என் மாணவி ஒருத்தி "குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் நியமித்தார்" என்று எழுதியிருந்தாள். திருத்தியவர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். "டீச்சர், நீங்கள் இப்படித்தானே நடத்தினீர்கள்?" என்று விடைத்தாளோடு வந்து நின்றாள்.

கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். 1932 ஜூலையில் நடந்த ஜெர்மனி நாடாளுமன்றத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கு 37.3 சதவீத வாக்கு, 230 இடங்கள். அதே ஆண்டு நவம்பரில் 33.1 சதவீதம், 196 இடங்கள். இறங்குமுகத்தில் இருந்த கட்சி அது. அதன் தலைவரை 1933 ஜனவரி 30 அன்று பிரதமராக்கியவர் ஹிண்டன்பர்க். ஹிட்லரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி அவரைச் சம்மதிக்க வைத்தவர் முன்னாள் பிரதமர் பாப்பன். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றம் எரிந்தது. மறுநாளே அவசர ஆணை வந்து பேச்சுரிமை, பத்திரிகை உரிமை எல்லாவற்றையும் பறித்தது. கம்யூனிஸ்டுகளைச் சிறையில் அடைத்துவிட்டு மார்ச் 5 அன்று நடத்திய தேர்தலிலும் கிடைத்தது 43.9 சதவீதம்தான், 647 இடங்களில் 288.

கூட்டணிக் கட்சியின் 52 இடங்களைச் சேர்த்தால் பாதியைத் தாண்டுகிறதே என்று சிலர் வருவார்கள். தாண்டுகிறது. ஆனால் அவர் பதவியில் அமர்ந்து அதற்குள் ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஜெர்மானிய மக்களுக்குப் பொறுப்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அந்த மார்ச்சில் ஒரு கோடியே எழுபது லட்சம் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். ஆனால் மக்கள் தலையில் முழுப் பழியையும் போட்டுவிட்டால் கதவைத் திறந்துவிட்ட பெரிய மனிதர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். மார்ச் 23 அன்று, சீருடை அணிந்த அடியாட்கள் அவைக்குள்ளேயே நிற்க, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஹிட்லர் அரசு சட்டம் போடலாம் என்ற சர்வாதிகாரச் சட்டத்தை எதிர்த்து விழுந்தவை 94 வாக்குகள். அத்தனையும் சமூக ஜனநாயகக் கட்சியினருடையவை. அன்று எதிர்த்துப் பேசிய ஓட்டோ வெல்ஸின் பெயர் எந்தக் கைடிலும் என் கண்ணில் பட்டதில்லை.

"குறிப்பில் இல்லாததற்கு எப்படி மதிப்பெண் போடுவது?" என்றார் திருத்தியவர். தலைமையாசிரியரும் அதையே சொன்னார். அந்த இரண்டு மதிப்பெண் கடைசிவரை கிடைக்கவில்லை.

தேர்வு நெருங்கினால் வரலாற்றுப் பாடவேளையைத்தான் முதலில் கணக்கு ஆசிரியருக்குக் கொடுப்பார்கள். டிசம்பர் மாதம் முழுக்க என் வகுப்பறையில் இயற்கணிதம் நடந்த ஆண்டுகள் உண்டு. ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

நீங்கள் எழுதப்போகும் தேர்வில் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுத்தால், அதில் இந்த வரி வந்தால், விடாதீர்கள். என் மாணவிக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.