வாகனங்களுக்குக் காலமுறைப் பரிசோதனை எதற்கு?

வாகனம் சாலையில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று குறித்த கால இடைவெளியில் சோதிப்பதே காலமுறைப் பரிசோதனை. மலேசியாவில் பேருந்து, லாரி போன்றவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதற்குச் செல்கின்றன.

பிரேக் கட்டை நாள்தோறும் நூலளவே தேய்வதால், பினாங்கின் பாலிக் புலாவ் மலைச்சாலையில் தினமும் இறங்கும் ஓட்டுநரின் கால் அதற்குப் பழகிப்போய், குறை அவருக்கே தெரிவதில்லை. சக்கரத்தை உருளைமேல் சுழற்றி அளக்கும் கருவியோ இடது, வலது வேறுபாட்டை உடனே காட்டிவிடும். நேர்மையான கடைக்காரரும் தம் தராசுக்கு முத்திரை பெறுவதைப் போன்றதுதான் இது.

ஒரு நாட்டின் சான்றிதழை மற்றொரு நாடு ஏற்பதற்குப் பொது அளவுகோல் தேவை என்பதால், 1997இல் வியன்னாவில் ஐ.நா. ஒப்பந்தம் ஒன்று உருவானது; அதன் முதல் விதி சுற்றுச்சூழலையும் இரண்டாம் விதி பாதுகாப்பையும் பற்றியவை.

தேர்ச்சி பெற்றால் அடுத்த சோதனைவரை கவலையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். சான்றிதழ் சோதித்த நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது.