அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் கோடைப் படிக்கிற பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

அண்ணே, சனிக்கிழமை நாகர்கோவில் வந்தபோது நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் புது ஆப் செய்யும்போது உங்கள் மகள் மட்டும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் யாரோ எழுதிய புரோகிராம் கோடைப் படிக்கிறாளே, இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டீர்கள். கொடுப்பார்கள். ஏன் என்று உங்கள் எஞ்சின் பட்டறையை வைத்தே சொல்கிறேன்.

குளச்சலில் ஒரு வள்ளத்தின் எஞ்சினைப் பிரித்தால் மூடியில் ஒரு கம்பெனி பெயர் இருக்கும், ஆனால் உள்ளே கிடக்கிற ஆயில் சீல், பேரிங், பிளக், தண்ணீர் இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் எல்லாம் எங்கெங்கோ செய்து வந்தவை. இம்பெல்லர் பிய்ந்து எஞ்சின் சூடாகி நடுக்கடலில் நின்றால், வள்ளக்காரர் அந்த ரப்பரைச் செய்தவரையா தேடுவார்? உங்களுக்குத்தான் போன் வரும். சாஃப்ட்வேரிலும் இதேதான். ஒரு கம்பெனி தானாக எழுதுவது கொஞ்சம், வெளியிலிருந்து எடுத்துச் சேர்ப்பதே பெரும்பங்கு, அதில் ஓட்டை இருந்தால் அடி வாங்குவது சேர்த்தவர்.

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியில், அதாவது யாரும் எடுத்துச் சேர்த்துக்கொள்கிற ரெடிமேட் கோடில், அப்படி ஒரு ஓட்டை வெளியே வந்தது. புரோகிராமில் நடப்பதைக் குறித்து வைக்கிற சாதாரண லைப்ரரி. ஆனால் அது குறித்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பிட்ட வரியை அனுப்பினாலே போதும், எதிராளி தன் கோடை அந்த சர்வரில் ஓட்டிவிடலாம். ஆபத்து அளவில் 10க்கு 10. அன்று பல கம்பெனிகள் திணறியது, இந்த லைப்ரரி நம்மிடம் எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான், ஏனென்றால் அவர்கள் நேராகச் சேர்க்கவில்லை, சேர்த்த வேறொன்றின் வயிற்றுக்குள் அது இருந்தது. 2017இல் அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களை வைத்திருக்கிற ஈக்விஃபேக்ஸ் கம்பெனியின் கதை இன்னும் மோசம். ஸ்ட்ரட்ஸ் என்ற பாகத்துக்கு மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது, போடாமல் விட்டார்கள், ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரம் களவு போனது.

இப்போது நம் ஊர் நிலவரம். 2024இல் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், சாஃப்ட்வேருக்குள் என்னென்ன பாகம் இருக்கிறது என்று பட்டியல் வைப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அந்தப் பட்டியலை எஸ்பாம் என்பார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியும் தன் சைபர் பாதுகாப்பு விதியில் அதைச் சேர்த்தது. பட்டியல் வேண்டுமென்றால் அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் உங்கள் மகளாக இருக்க முடியும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், நீங்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தபோது நடந்தது. "மக்களே, உன் புராஜெக்டைத் திற" என்றேன். காலேஜ் பஸ் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஆப். அவள் கையால் சேர்த்த பேக்கேஜ், அதாவது வெளியிலிருந்து எடுத்த பாகம், 14. சேர்த்த பேக்கேஜ்களில் தெரிந்த ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற என்பிஎம் ஆடிட்டை ஓட்டினாள், சிவப்பில் இரண்டு வந்தன. பெரும்பாலான பிள்ளைகள் உடனே எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாக அப்டேட் செய்து ஆப்பை உடைப்பார்கள். இவள் கையை எடுத்துவிட்டு, அந்தப் பேக்கேஜ் எதன் வழியாக உள்ளே வந்தது என்று முதலில் பார்த்தாள். ஒன்று படம் ஏற்றுகிற பேக்கேஜின் வழியாக வந்தது, அதை உடனே மாற்றினாள். இன்னொன்றைக் காட்டி, "ஓட்டை இருக்கிற ஃபங்ஷனை நம்ம ஆப் கூப்பிடவே இல்லை சார், அடுத்த வாரம் மாற்றினால் போதும்" என்றாள். எது இப்போதே, எது அப்புறம் என்று காரணத்தோடு பிரிக்கிற இந்தப் புத்திக்குத்தான் அண்ணே சம்பளம்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். படித்து முடித்ததும் நேராக சைபர் பாதுகாப்பு வேலையில் எடுப்பது குறைவு. கேம்பஸில் டெவலப்பர் வேலையோ டெஸ்டிங்கோ வந்தால் வேண்டாம் என்று சொல்ல விடாதீர்கள், இரண்டு வருஷம் கோட் எழுதியவள் அடுத்தவர் கோடில் இருக்கிற ஓட்டையை இன்னும் சீக்கிரம் பிடிப்பாள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் கிடைத்தால் சென்னையைவிட நமக்குப் பக்கம்.

இன்னொன்று, இதை அவளிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: அனுமதி இல்லாமல் அடுத்தவர் வெப்சைட்டில் கை வைக்கக் கூடாது, காலேஜ் வெப்சைட்டாக இருந்தாலும். ஐடி சட்டத்தின் 66ஆம் பிரிவில் 3 வருஷம் வரை சிறை உண்டு. கோடை எல்லோரும் பார்க்கலாம் என்று வைத்திருக்கிற ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகள் திறந்தே கிடக்கின்றன, அங்கே ஓட்டை கண்டால் அதை நடத்துகிறவர்களுக்கு முதலில் ரகசியமாகத் தெரிவித்து, முடிந்தால் திருத்தமும் அனுப்பட்டும். இன்டர்வியூவில் அது பேசும்.

2024 மார்ச்சில் ஃபைலைச் சுருக்குகிற எக்ஸ்-இசட் என்ற சின்னப் பாகத்துக்குள் ஒருவர் திருட்டுவழி வைத்திருந்ததை ஆன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் என்ற இன்ஜினீயர் பிடித்தார். லாகின் அரை வினாடி தாமதமாவது ஏன் என்று விடாமல் தோண்டியதில் கிடைத்தது அது. ராத்திரி ஒரு மணிக்கு உங்கள் வீட்டில் எரிகிற லைட்டைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியோடு ஓட்டை தேடுவதைச் சொல்லிக்கொடுக்கிற அந்த எத்திக்கல் ஹேக்கிங் சென்டர் கேட்கிற ஒன்றரை லட்சத்தைக் கட்ட வேண்டாம். வெப்சைட்டுகளில் அடிக்கடி வருகிற ஆபத்துகளைச் சொல்கிற ஓவாஸ்ப் பட்டியலும், அவற்றை ஆன்லைனில் பழகிப் பார்க்கிற போர்ட்ஸ்விக்கர் பயிற்சியும் இலவசம், ஆறு மாசம் அதைச் செய்யட்டும். அவள் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது, ஆடிட் ஓட்டும்போதே திணறியது. 16 ஜிபி போட்டுக் கொடுங்கள், இப்போதைக்குச் செலவு அதுதான்.