பிளவுஸுக்கு என்ன கூலி?

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆடை வடிவமைப்பு எடுக்கிறேன். மார்க் குறைந்ததால் இந்தக் குரூப்புக்கு வந்த பிள்ளைகள், தன்னம்பிக்கை கம்மி. வழிகாட்டி வகுப்புக்கு ஜெயித்த தொழிலதிபர் ஒருவரைப் பேசவைக்கலாமா? கடன் திட்டங்கள் பற்றியும் சொல்லுங்கள்.

ஒரு தொழிற்கல்வி ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அழையுங்கள், கைதட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள். ஆனால் 'மார்க் குறைந்ததால் வந்தவர்கள்' என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு வந்தபோதே தொழிற்பிரிவும் வந்துவிட்டது. பதினாறு வயதில் கழுத்து வளைவைப் பிசிறில்லாமல் திருப்பித் தைக்கிற பெண்ணிடம் என்ன குறை? தன் வேலைக்கு விலை போடத் தெரியாது, அவ்வளவுதான். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

உள்துணி வைத்துத் தைக்கிற ஒரு லைனிங் பிளவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். லைனிங் துணி 60 ரூபாய், நூலும் ஊக்கும் 10, ஓரம் பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் தையலுக்கு 10. மெஷின் 12,000, ஐந்து வருடம் உழைத்தால் மாதம் 200. மாதம் 40 பிளவுஸ் தைத்தால் ஒன்றுக்கு 5. கடை வாடகை 2,000 என்றால் ஒன்றுக்கு 50. ஆக 135. தெருவில் 250 வாங்குகிறார்கள் என்றால் கையில் நிற்பது 115. வெட்ட, தைக்க, எம்மிங் போட மூன்று மணி நேரம் ஆனால் மணிக்கு 40 ரூபாய்கூட இல்லை. அவளோ லைனிங் காசை மட்டும் கழித்துவிட்டு 190 லாபம் என்று நம்பிக்கொண்டிருப்பாள்.

அதே பிளவுஸை இரண்டு மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு 57 ரூபாய்க்கு மேல். நேரத்தைத் தின்பது பிரித்துத் தைப்பதுதான். காட்டன் லைனிங்கை முதலில் நனைத்து, உலர்த்தி, தேய்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டினால் முதல் சலவையில் அது சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும். பக்கத் தையலில் கூடுதல் துணி விடாமல் வெட்டினால், 'பிடிக்குது' என்று திரும்பி வருபவருக்குத் தளர்த்தித் தரவே முடியாது. துணிக்காசும் கையை விட்டுப் போகும்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு நோட்டுக் கொடுங்கள். பத்து பிளவுஸ், நிஜ வாடிக்கையாளருக்கு. உங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இருக்கிறார்கள். சும்மா தைத்துத் தரச் சொல்லாதீர்கள் டீச்சர், அது அநியாயம், கூலி கொடுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், செலவு, எங்கே பிரித்தாள், ஏன் பிரித்தாள், எல்லாவற்றையும் அவள் கையாலேயே எழுதட்டும்.

கடனா? மானியக் கடனுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். அப்போது மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகட்டும். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். முதலில் அந்த நோட்டுகளைப் படமெடுத்து அனுப்புங்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு கூலி கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.